திரும்பி வந்த நம்பர்

உட்கார்ந்து செய்கிற வேலையிலும் இடுப்பு இப்படி வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் செங்கல் சுமந்தவள் நான். சுமக்கிற வலி தலையில் ஏறும், கழுத்தில் இறங்கும், இடுப்பில் வந்து நிற்கும். படுத்து எழுந்தால் பாதி போயிருக்கும். இந்த நாற்காலி வலிக்கு அந்த மரியாதை தெரியாது. காலையில் நான் வேலைக்கு வரும்போதே எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். பதினொரு மணிக்கெல்லாம் வலது தொடை மரத்துவிடும். அந்தப் பக்கம் சாய்வேன், இந்தப் பக்கம் சாய்வேன், கடைசியில் ஹெட்போன் வயர் எவ்வளவு தூரம் விடுகிறதோ அவ்வளவு தூரம் எழுந்து நின்றுகொண்டு பேசுவேன்.

எங்கள் உதவி மையத்தில் ஐந்து மேஜைகள். என்னுடையது மூன்றாவது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, நடக்க முடியாதவருக்கு உதவித்தொகை எந்த ஆபீசில், குடிக்கிற புருஷனை எங்கே சேர்ப்பது, அடிக்கிற புருஷனைப் பற்றி யாரிடம் சொல்வது என்று ஜனங்கள் கேட்பார்கள். நாங்கள் வழி காட்ட வேண்டும். வழி என்றால் நம்பர். கம்ப்யூட்டரில் பட்டியல் இருக்கிறது, பார்த்துப் படித்தால் போதும். கஷ்டப்பட்டவர்கள் பேச்சு கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் புரியும் என்று மேலே யாரோ முடிவு செய்து, உடம்பு போன தொழிலாளிகளாகப் பொறுக்கி இங்கே உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு இடப்பக்கம் இரண்டாம் மேஜையில் பழைய பஸ் கண்டக்டர். விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனவர். எல்லோருக்கும் கண்டக்டரண்ணன். வலப்பக்கம் சலவை ஆலையில் கை வெந்த ஒரு தங்கச்சி.

ஒரு அழைப்புக்கு நாலு நிமிஷம். நாலு தாண்டினால் திரை மஞ்சளாகும், ஆறு தாண்டினால் சிவப்பு. பேசி முடித்ததும் அழுத்த இரண்டு பட்டன். பச்சை ‘இணைக்கப்பட்டது’. சாம்பல் ‘நிலுவை’. நம்பரைக் கொடுத்துவிட்டால் பச்சையை அழுத்தலாம். அந்த நம்பரில் யாராவது எடுத்தார்களா, எடுத்தவர் ஏதாவது செய்தாரா என்பதெல்லாம் பட்டனுக்குக் கவலையில்லை. சாம்பலை அழுத்தினால் காரணம் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தானால்தான் அது கோரிக்கையாக உரிய ஆபீசுக்குப் போகும். அவரை நாங்கள் நிமிஷம் சார் என்போம், அவர் காதில் விழாமல். அவர் எதிலும் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. சுவரில் தொங்குகிற பலகையில் இணைப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று எழுதியிருந்தது.

அன்றைக்குப் பதினொன்று பத்துக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். நான் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை.

“அக்கா, நம்பர் மட்டும் குடுத்துடாதீங்க. நம்பர் எங்கிட்ட இருக்கு. அஞ்சு தடவை குடுத்துட்டாங்க.”

ஆபீஸ்களில் தரை துடைக்கிறவள். புருஷன் கொத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. மூத்திரம் டியூப் வழியாகத்தான் இறங்க வேண்டும். மாதம் ஒருமுறை வீட்டுக்கு நர்ஸ் வந்து டியூபை மாற்றிவிட்டுப் போவார். நாலு மாதமாக யாரும் வரவில்லை. காசு கொடுத்து வெளியாள் ஒருவனைக் கூட்டிவந்து இரண்டு தடவை மாற்றியிருக்கிறாள். இரண்டாம் தடவை அவன் இழுத்த இழுப்பில் ரத்தம் வந்தது. அதோடு அவனை வாசலோடு நிறுத்திவிட்டாள். இப்போது காலையிலிருந்து பையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. வயிறு கல்லு மாதிரி இருக்கிறது, உடம்பு கொதிக்கிறது, தலை வெடிக்கிறது என்கிறாராம் புருஷன். ஆம்புலன்சுக்குப் போட்டாளாம். மூச்சு இருக்கா, நினைவு இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது என்றதும், டியூப் அடைப்புக்கெல்லாம் வண்டி வராது, வந்தாலும் மூணு மாடி தூக்க ஆளில்லை என்று வைத்துவிட்டார்கள்.

அடக்கிக்கொண்டிருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். கட்டட வேலைக்குப் போன எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மறைவு கிடையாது, காலை எட்டு மணிக்கு அடக்கினால் சாயங்காலம் ஆறுக்குத்தான். அடிவயிற்றில் நெருப்புத் துண்டை வைத்துக்கொண்டு செங்கல் தூக்குவோம். எங்களுக்காவது ஆறு மணி என்று ஒன்று இருந்தது.

அவள் நம்பரைத் திரையில் தட்டினேன். ஐந்து பழைய அழைப்புகள் வரிசையாக வந்தன. ஐந்தும் பச்சை. மூன்றாவதில் மேஜை எண் மூன்று என்றிருந்தது. இருபத்து மூன்று நாளைக்கு முன்னால், இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. நான்தான். எனக்கு அவள் குரல்கூட நினைவில்லை. அந்த வாரம் வேகமான மேஜை என்று எனக்குக் கைதட்டினார்கள், அது நினைவிருக்கிறது.

பட்டியலில் வீட்டு நர்ஸ் பிரிவின் நம்பரைப் பார்த்தேன். அவள் கையில் இருப்பதும் அதேதான். அதற்குப் போட்டால் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

“உங்களை மாதிரியே ஒருத்தர்தான் எடுக்கறாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு இதே நம்பரைத் திருப்பித் தர்றாரு. எனக்குத்தான் மண்டை குழம்பிப்போச்சோன்னு ஆயிடுச்சுக்கா.”

பதட்டத்தில் தப்பாக அழுத்தியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். நீ இரு, வைக்காதே, நானே இன்னொரு லைனில் போட்டு உன்னை அவர்களிடம் கொடுக்கிறேன் என்றேன். அப்படிச் செய்ய எங்களுக்கு அனுமதியில்லை. நேரம் போய்விடும். ஆனால் செங்கல் கைமாற்றும்போது எதிரில் நிற்பவன் விரல் கல்லில் பட்டு, பாரம் அவன் கைக்குப் போனது தெரிந்த பிறகுதான் விடுவோம். முன்னாடியே விட்டவர்கள் காலில்தான் அது விழும். என் இடது கால் பெருவிரலில் நகம் கிடையாது.

நம்பரைப் போட்டேன். என் ஹெட்போனில் மணி அடித்தது. பக்கத்து மேஜையில் விளக்கு மின்னியது. கண்டக்டரண்ணன் தண்ணீர்ப் பாட்டிலை மூடிவிட்டு எடுத்தார். “வணக்கம், உதவி மையம், சொல்லுங்க” என்றார். ஒரு காதில் போன் வழியாகவும், இன்னொரு காதில் மூன்றடி தூரத்திலிருந்தும் அதே குரல் கேட்டது.

வீட்டு நர்ஸ் பிரிவு இல்லையா என்று போனில் கேட்டபடியே நான் அவரைப் பார்த்தேன். அவர் இன்னும் திரையைப் பார்த்தபடி, வீட்டு நர்ஸ் பிரிவா, ஒரு நிமிஷம், நம்பர் தர்றேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கை நீட்டி அவர் தோளைத் தட்டினேன். திரும்பியவர் என் வாயைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது.

“இத்தனை நாளா ரைட் ரைட்னு விசில் ஊதிட்டிருக்கேன்,” என்றார். “வண்டி ஷெட்டுக்குள்ளேயே சுத்துது.”

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அவர் எடுத்த அந்த மாதிரி அழைப்புகள் எத்தனை என்று எண்ணுகிற முகமாக இருந்தது.

திரை சிவந்துவிட்டது. நிமிஷம் சார் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, அதுதான் எனக்கு முதலில் சுரீரென்றது. ஒரு மாதத்துக்கு என்று சொல்லி அந்தப் பிரிவு நர்ஸ்களைத் தடுப்பூசி வேலைக்கு எடுத்தார்களாம். எந்த அழைப்பும் எடுக்காமல் போகக்கூடாது என்று அவர்கள் நம்பரை இங்கே திருப்பிவிட்டார்களாம். பட்டியலிலிருந்து நம்பரை எடுக்கச் சொல்லி மேலே எழுதியிருக்கிறாராம், பதில் வரவில்லையாம். அதுவரை ஒவ்வொரு சுற்றும் ஒரு புது அழைப்பு, ஒரு புதுப் பச்சை. பலகையில் இருந்த தொண்ணூற்றேழு இப்படி வந்த தொண்ணூற்றேழுதான்.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதான். பலகை கீழே இறங்கினால் முதலில் கேள்வி அவரிடம்தான் வரும். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

“பச்சையை அழுத்திட்டு அடுத்ததை எடும்மா. நாம வழி காட்டறவங்க. நர்ஸ் இல்லை.”

“எந்த வழி சார்? அது இந்த மேஜையில வந்துதானே முடியுது.”

“மாசக் கடைசியில ஒப்பந்தம் புதுப்பிக்கணும். அதையும் யோசிச்சுக்கோ.”

“பதினெட்டு வருஷம், நாளைக்கு வராதேன்னு தினம் சாயங்காலம் கேட்ட காது சார் இது. எழுதிக்குங்க.”

அவர் பார்க்கப் பார்க்கச் சாம்பலை அழுத்தினேன். காரணம் என்ற கட்டத்தில், நர்ஸ் போகவில்லை என்று இரண்டு வார்த்தை எழுதினேன். கையெழுத்துப் போடுங்கள் என்று அச்செடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. லைனை அவர் அறையிலிருந்தே துண்டிக்க முடியும் என்று சொன்னார். துண்டியுங்கள், என் சொந்த போனை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று பேசுவேன், உதவி மையம் ரோட்டுக்கு வந்துவிட்டது என்று போகிறவன் வருகிறவன் பார்க்கட்டும் என்றேன். கண்டக்டரண்ணனும் தன் திரையில் சாம்பலை அழுத்தினார். “எனக்கு இருக்கறது ஒரு கால் சார், எங்க ஓடிடப்போறேன்” என்றார். சலவைத் தங்கச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரே சம்பளம். நான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

நிமிஷம் சார் காகிதத்தை என் மேஜையிலேயே விட்டுவிட்டு அறைக்குப் போனார். லைனைத் துண்டிக்கவில்லை.

இவ்வளவும் அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“உங்களுக்கு ஏதாவது பிரச்னையாக்கா? நான் வேணா வச்சுடட்டுமா?”

“வைக்காதே. பேசாட்டியும் பரவாயில்லை. வைக்காதே.”

அந்த நர்ஸ்கள் வேலை பார்க்கிற சுகாதார நிலையத்தின் பொது நம்பருக்குப் போட்டோம். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, காத்திரு என்றது பதிவான குரல் ஒன்று. பத்து நிமிஷம் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டோம். கட்டட வேலையில் ஒருவன் எந்த மாடியில் இருக்கிறான் என்று மேஸ்திரிக்குத் தெரியாது, என்ஜினியருக்குத் தெரியாது, ஸ்டோர்காரனுக்குத் தெரியும். ஆணியிலிருந்து சிமெண்ட் வரை யார் எதற்குக் கையெழுத்துப் போட்டு எங்கே கொண்டு போனார்கள் என்பது அவன் நோட்டில் இருக்கும். அண்ணே, அங்கே ஸ்டோர் நம்பர் ஏதாவது இருக்கா பாருங்கள் என்றேன். பட்டியலின் அடியில், யாரும் கூப்பிடாத பக்கத்தில் இருந்தது.

ஸ்டோர்காரர் முதல் மணியிலேயே எடுத்தார். மூத்திர டியூப் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கண்டக்டரண்ணன் கேட்டார். அந்த மனுஷனுக்கு ஏகப்பட்ட மனக்குறை. நாலு மாதமாக ஒரு டியூப் வெளியே போகவில்லை, மூணு பெட்டி அப்படியே கிடக்கிறது, இரண்டு மாதத்தில் காலாவதி, அப்புறம் ஆடிட்டில் என் கழுத்தைத்தான் பிடிப்பார்கள் என்று புலம்பினார். முன்னே கையெழுத்துப் போட்டு எடுத்தது யார் என்றதும், அந்தம்மா இங்கேதான் ஊசி போடுகிற அறையில் இருக்கிறார் என்றார். போனை எடுத்துக்கொண்டு அவரே நடந்து போனார். கண்டக்டரண்ணன் லைனை எனக்கும் சேர்த்துவிட்டார்; செருப்புச் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நர்ஸின் குரல் வயசான குரல், அவசரமான குரல். நான் கொத்தனார் பெயரைச் சொன்னதும் மாடியைச் சொன்னார், தெருவைச் சொன்னார், சுவரோரம் போட்ட கட்டில் என்றார். எல்லாம் நினைவிருந்தது. பிறகு அவர்தான் என்னைக் கேட்டார்.

“நாலு மாசமா ஒரு கோரிக்கைகூட வரலைன்னாங்களே. வீட்டுக்கு வரச் சொல்லி யாருக்கும் தேவையில்லைன்னுதானே, ஒரு மாசம்னு எடுத்த எங்களைத் திருப்பி அனுப்பாம பிரிவையே மூடினாங்க?”

கேட்டது அவர்தான், ஆனால் பதில் எங்கள் ஐந்து மேஜையிலும் பச்சையாக இருந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரையும் நாங்களே எடுத்து நாங்களே திருப்பி அனுப்பினோம், நானும் அனுப்பினேன் என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஊசிக்கு அழுதது. வெளியே போக அவருக்குக் கையெழுத்தான கோரிக்கை வேண்டும். என் மேஜையில் கையெழுத்தில்லாத காகிதம்தான் இருந்தது. அதையும் சொன்னேன்.

“ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம்,” என்றார். “அதுக்கு எவன் கையெழுத்தும் வேண்டாம். அது வரைக்கும் அவரை நல்லா நிமிர்த்தி உட்கார வைக்கச் சொல்லுங்க. துணியைத் தளர்த்தச் சொல்லுங்க. டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. படுக்க மட்டும் விடக்கூடாது.”

மணி பன்னிரண்டு இருபது. நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். டியூப் மடங்கவில்லை. தலையணைகளை முதுகில் கொடுத்து, தானே அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து தாங்கிக்கொண்டாள். போனைக் கட்டிலில் வைத்துவிட்டாள் போல. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது கேட்டது. நானும் கட்டட வேலை பார்த்தவள்தான் என்று அவளிடம் சொன்னது காதில் விழுந்து, ஒருமுறை அவர் என்னிடம் பேசினார். எந்தக் கம்பெனியில் சித்தாளா இருந்தே என்று கேட்டார். சொன்னேன். அந்த மேஸ்திரி திருடன் என்றார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் பேச அவருக்குத் தெம்பில்லை.

என் மரத்த தொடை பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. எழுந்து நின்றவள் உட்காரவேயில்லை. கண்டக்டரண்ணன் இரண்டு மேஜை அழைப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

ஒன்று இருபதுக்குக் கதவு தட்டுகிற சத்தம். நர்ஸ் உள்ளே வந்ததும் போட்ட முதல் சத்தம் ஜன்னலைத் திறக்கச் சொல்லி. அப்புறம் பொட்டலம் கிழிகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. நான் திரையில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வருதுக்கா,” என்றாள் அவள். “பை நெறையுது.”

ஒன்று முப்பத்தொன்றுக்கு லைனை வைத்தேன். இரண்டு மணி இருபத்தொரு நிமிஷம். மூத்திரம் கலங்கி நாற்றமெடுத்திருந்ததால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று நர்ஸே ஆம்புலன்சைக் கூப்பிட்டார். எந்த வார்த்தையைச் சொன்னால் அவர்கள் கிளம்புவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தூக்க ஆளும் வந்தார்கள். மூன்று மாடியும் இறங்கினார்கள். ஆறு நாள் வார்டில் இருந்தார் கொத்தனார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அவள் எனக்குச் சொன்னாள். போன மாதம் உன் அழைப்பை எடுத்து நம்பர் கொடுத்ததும் நான்தான் என்று நான் அவளுக்குச் சொன்னேன். உங்க குரலை வச்சே தெரிஞ்சுதுக்கா என்றாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை என் மேஜையில் காகிதம். விதியை மீறியதற்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். கண்டக்டரண்ணனுக்கும் ஒன்று. அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கையெழுத்து அழகு, உனக்கும் நானே எழுதித் தருகிறேன் என்றார்.

விளக்கமாக நாங்கள் எழுதியது ஒரு பட்டியல். அந்த நம்பரைக் கொடுத்துப் பச்சை அழுத்திய அழைப்புகள் மொத்தம் அறுபத்து மூன்று பேருடையவை. என் மேஜையில் மட்டும் பத்தொன்பது பேர். ஒவ்வொருவர் பெயர், என்ன கேட்டார்கள், எந்தத் தேதி, எத்தனை நிமிஷத்தில் முடித்தேன். படுக்கைப் புண், டியூப், புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, பக்கவாதம் வந்த ஒரு பாட்டுவாத்தியார். ஒரு நகலை ஸ்டோர்காரர் வழியாக அங்கே அனுப்பினேன். அவர் அதைச் சுகாதார நிலைய டாக்டரின் மேஜையில், டியூப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு வந்தாராம்.

நிமிஷம் சார் படித்தார். இது விளக்கமில்லை என்றார்.

“இதுக்கு மேல என்கிட்ட விளக்கம் இல்லை சார். இவங்க ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுக் கேட்டுட்டு, மிச்சத்தையும் எழுதித் தர்றேன்.”

ஒப்பந்தம் என்னாகும் என்று தெரியவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். பலகை எண்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது, ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் ஆள் போய்ச் சேராத எதற்கும் பச்சை அழுத்துவதில்லை. நேற்று சலவைத் தங்கச்சியின் திரையில் ஒரு சாம்பல் விழுந்தது. எங்கள் பக்கம் திரும்பாமல் அடுத்ததை எடுத்தாள்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில், என் சொந்த போனில், பட்டியலில் முதலில் என் மேஜையின் பத்தொன்பது பேரைக் கூப்பிடுகிறேன். அது என் நேரம். நர்ஸ் தன் நேரத்தில் போகிறார்; கொத்தனார் போக நாலு வீட்டுக்குப் போயாயிற்று. இரண்டு பேர் கடன் வாங்கி வெளியாளை வைத்துக்கொண்டார்கள், இனி உங்கள் தயவு வேண்டாம் என்றார்கள். பாட்டுவாத்தியாரின் மகள் எடுத்தாள். அப்பா போய் மூன்று வாரம் ஆகிறது என்றாள். எந்த ஆபீசிலிருந்து பேசுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குத் தர என்னிடம் எதுவுமில்லை, எந்த நம்பரும் இல்லை.

என் பத்தொன்பதில் பதினொரு பேர் மிச்சம். அவர்களுக்கு ஒரு நர்ஸ் போக வேண்டும், இன்னும் போகவில்லை. அது நான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன்.